கூகுள் எர்த்தில் பூம்புகாருக்குக் கிழக்கே கடலடியில் கட்டம் கட்டமாகத் தெரிவது என்ன?

புகார்ப்பையன்:

வணக்கம். கேட்கவே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். சொந்த ஊர் சீர்காழி பக்கம். போன வாரம் குடும்ப வாட்ஸாப் குழுவில் மாமா ஒரு காணொளி போட்டார். ஒருவர் கூகுள் எர்த்தைத் திறந்து பூம்புகாரிலிருந்து கிழக்கே வெகுதூரம் கடலுக்குள் போய் ஓரிடத்தில் நிறுத்தி, "இதோ தெரு, இதோ குறுக்குத்தெரு, கடல்கொண்ட நகரம்" என்று பின்னணி இசையோடு சொல்கிறார். வழக்கமான கதை என்று நினைத்து நானே திறந்து பார்த்தேன். கோடுகள் நிஜமாகவே இருக்கின்றன. ஒன்று நீளமாக, இரண்டு மூன்று அதை வெட்டிக்கொண்டு. அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு கோட்டின் அகலமே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு அகலமாகத் தெரு போட்ட சோழன் யார் என்று அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மாமாவிடம் சொன்னேன், "நீ படிச்சதே அதைச் சொல்லத்தானா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் சென்னையில் சிவில் மூன்றாம் ஆண்டு. போன மாதம் கல்லூரியில் டிரோனில் லைடார் (லேசர் ஒளி போய்த் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரம் அளக்கிற கருவி) மாட்டிப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். விடுதி மொட்டைமாடியில் காய்கிற துணிக்கொடிக் கயிறு வரைக்கும் புள்ளிகளில் தெரிந்தது. கயிறு தெரிகிறபோது, 20 மீட்டர் தண்ணீருக்கு அடியில் இருப்பது ஏன் தெரியக்கூடாது? அதே டிரோனைக் கடல்மேல் பறக்கவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கோடுகள்தான் என்ன? யாராவது பொறுமையாகச் சொன்னால் மாமாவுக்கு அப்படியே அனுப்பிவிடுவேன்.

எதிரொலி:

தம்பி, கூச்சப்பட ஒன்றுமில்லை. 2009 பிப்ரவரியில் கூகுள் எர்த்தில் முதன்முதலாகக் கடலடி வந்தபோது, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேனரி தீவுகளுக்கு அப்பால் இதே மாதிரி ஒரு பெரிய கட்டம் தெரிந்தது, அட்லாண்டிஸ் கிடைத்துவிட்டது என்று இங்கிலாந்துப் பத்திரிகையில் செய்தியே போட்டார்கள். அது கப்பல் போன தடம் என்று கூகுள் விளக்கம் சொல்லி, 2012ல் புதிய தரவு சேர்த்தபோது அந்தக் கட்டம் மறைந்தது. நீ பார்த்ததும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஒரு கிலோமீட்டர் அகலம் என்று நீயே அளந்தாயே, பாதி விடை அதில் இருக்கிறது.

நான் 14 வருஷமாகக் கடல் சர்வேயில் இருக்கிறேன், பெரும்பாலும் துறைமுக வேலை. முதலில் இந்தக் கோடு எப்படி உண்டாகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கடலடிப் படம் என்று இணையத்தில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி யாரும் அளந்தது இல்லை. கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள தண்ணீரைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அதனால் மலைக்கு நேர் மேலே கடல்மட்டம் லேசாகப் புடைக்கும். 2000 மீட்டர் உயர மலைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் புடைப்பு. அது பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி இருப்பதால் கப்பலில் போகிறவனுக்குத் தெரியாது, ஆனால் செயற்கைக்கோளில் ரேடார் வைத்துக் கடல்மட்டத்தை அளந்தால் தெரியும். ஸ்மித், சாண்ட்வெல் என்ற இருவர் இந்த வழியில் 1997ல் உலகக் கடல் முழுவதற்கும் ஒரு ஆழப்படம் போட்டார்கள். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அது தண்ணீரின் மேல்தோலைப் பார்த்து அடியை ஊகிப்பது. போர்வைக்குள் படுத்திருப்பவனைப் பார்த்து ஆள் உயரமா குட்டையா என்று சொல்லலாம், சட்டையில் எத்தனை பொத்தான் என்று சொல்ல முடியாது. சில கிலோமீட்டர் அகலத்துக்குக் குறைந்த எதுவும் அதில் வராது.

இப்போது அந்த ஊகப்படத்தின் மேல் நிஜமாகவே ஒரு கப்பல் எக்கோசவுண்டரை, அதாவது ஒலியை அடிக்கு அனுப்பி எதிரொலியில் ஆழம் பார்க்கிற கருவியை, போட்டுக்கொண்டே போயிருக்கிறது என்று வை. அது போன வழி முழுக்கச் சரியான ஆழம் கிடைத்திருக்கும். படம் தயாரிப்பவர்கள் அந்த அளவையும் ஊகத்தோடு சேர்த்துத் தைப்பார்கள். கப்பல் அளந்தது 3420 மீட்டர், பக்கத்தில் ஊகம் 3350 மீட்டர் என்றால் அந்த வழி மட்டும் 70 மீட்டர் பள்ளம் மாதிரி நீளமாகத் தெரியும். கப்பல் நேராகத்தானே போகும், அதனால் கோடும் நேர். இரண்டு கப்பல் குறுக்கே போனால் நாற்சந்தி. ஆக அந்தக் கோடு மட்டும்தான் அளந்த இடம், சுற்றி இருப்பதெல்லாம் ஊகம். மாமா நினைப்பதற்கு நேர் தலைகீழ்!

ஜெப்கோ என்று ஒரு சர்வதேச அமைப்பு உலகக் கடலின் ஆழக்கட்டத்தை இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 450 மீட்டர். அதோடு டிஐடி என்று இன்னொரு கோப்பும் தருவார்கள், ஆழத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று குறித்திருப்பார்கள். 10 என்றால் ஒற்றைக் கற்றை எக்கோசவுண்டர், 11 என்றால் மல்டிபீம் என்கிற பல கற்றைக் கருவி, 40 என்றால் செயற்கைக்கோள் ஈர்ப்பு ஊகம், 41 என்றால் கணினி இடையில் நிரப்பியது. இரண்டையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார். இந்த ஜெப்கோவும் ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும் சேர்ந்து 2030க்குள் கடலடி முழுவதையும் அளப்பது என்று 2017ல் இறங்கினபோது உலகக் கடலில் அளந்து முடித்தது 6 சதவீதம். 2025 ஜூனில் 27.3 சதவீதம். அந்த "அளந்தது" கூட உன் லைடார் மாதிரி இல்லை. ரொம்ப ஆழமான இடத்தில் 800 மீட்டர் கட்டத்துக்குள் ஒரு அளவு இருந்தால் போதும் என்பதுதான் அவர்கள் வைத்த இலக்கு.

டிரோன் கேள்விக்கு வருகிறேன். உன் கல்லூரிக்கு வந்த லைடார் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. தண்ணீர் அதை மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடும். ஏரி மேல் பறக்கவிட்டால் புள்ளிப்படத்தில் ஏரி இருக்கிற இடம் பெரும்பாலும் வெறும் ஓட்டையாக இருக்கும், வேண்டுமானால் பார். கடலுக்கென்று பச்சை லேசர் உண்டு, 532 நானோமீட்டர். வெள்ளைத்தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற ஆழத்தைப் பார்ப்பார்கள். அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வரை பச்சை லேசர் இறங்கும். பவளத்தீவுப் பக்கம் கண்ணாடி மாதிரி தண்ணீரில் 50 மீட்டருக்கும் மேல் போகும். காவிரி முகத்துவாரத்தில், அந்தக் கலங்கலில்? நீயே ஊர்க்காரன், இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உன் காலே உனக்குத் தெரியாது.

அதனால் ஒலிதான் ஒரே வழி. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல். மல்டிபீம் என்பது படகின் அடியில் மாட்டுகிற ஒரு பெட்டி, விசிறி விரித்த மாதிரி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கற்றைகளில் ஆழம் எடுக்கும். அகலம் ஆழத்தைப் பொறுத்தது, சாதாரணமாக ஆழத்தைப் போல மூன்றரை, நாலு மடங்கு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 4000 மீட்டர் ஆழக் கடலில் ஒரு ஓட்டத்தில் 14 கிலோமீட்டர் அகலம் கிடைக்கும், பெரிய கப்பல் மணிக்கு 250 சதுர கிலோமீட்டர் முடித்துவிடும். உன் பூம்புகாரில் 20 மீட்டர் ஆழத்தில் கிடைப்பது 70 மீட்டர் அகலம், பக்கத்துக் கோட்டோடு கொஞ்சம் மேலேறி ஓட்டவேண்டும் என்பதால் உருப்படியாக 50 மீட்டர்தான். படகு மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம் என்றால் மணிக்கு அரை சதுர கிலோமீட்டர் சொச்சம். பத்துக்குப் பத்து கிலோமீட்டர் பரப்பை முடிக்க 180 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டவேண்டும், அதுவும் கடல் அமைதியாக இருந்தால். ஆழக்கடலைவிடக் கரையோரம்தான் தலைவலி.

கோடு தெரிவதெல்லாம் கட்டடம் இல்லை என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று. ஊர் பெயர் வேண்டாம், ஒரு சின்னத் துறைமுகம், நவம்பர் மாதம், மழை முடிந்து ஆறு நிறைய நல்ல தண்ணீரைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்த நேரம். ஒலி உப்புத் தண்ணீரில் ஒரு வேகத்தில் போகும், நல்ல தண்ணீரில் வேறு வேகம், சூட்டுக்கும் மாறும். அடுக்கு அடுக்காக இருந்தால் ஒலி வளைந்து போகும். அதனால் ஒலிவேகம் அளக்கிற கருவியை அடிக்கடி தண்ணீரில் இறக்கி எடுக்கவேண்டும். நாங்கள் காலை ஆறு மணிக்கு இறக்கினோம், அதோடு மறந்துவிட்டோம். சாயங்காலம் படத்தைப் போட்டால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு ஓரமும் மேலே சுருண்டு, அடி முழுக்க வரப்பு கட்டின வயல் மாதிரி இருந்தது. வேலை கொடுத்தவர்களின் ஆள் வந்து பார்த்துவிட்டு, "இங்கே ஏன் சார் வரிசையா கரை கட்டியிருக்கு" என்று கேட்டார். இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்தோம், சம்பளம் இல்லாமல். அந்தப் படத்தை யூடியூபில் போட்டிருந்தால் அதுவும் ஒரு நகரம்தான்.

கொண்டகடல்:

எல்லாம் சரி, ஆனால் கடற்படையிடம் துல்லியமான படம் இருக்கிறது, வெளியே விடமாட்டார்கள். தமிழனின் வரலாறு வெளியே வரக்கூடாது என்பதற்காகவே மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள். கூகுளும் அதற்கு உடந்தை.

எதிரொலி:

முதல் வாக்கியம் பாதி உண்மை. டேராடூனில் இருக்கிற தேசிய நீரளவை அலுவலகம் கடற்படையின் கீழ்தான் வருகிறது, அவர்கள் எடுக்கிற எல்லா அளவும் பொதுவெளிக்கு வராது, உலகத்தில் எந்தக் கடற்படையும் தராது, நீர்மூழ்கி ஓடுகிற வழி அது. ஆனால் மங்கலாக இருப்பதற்கு அது காரணம் இல்லை. நிறைய இடத்தில் அளவே கிடையாது. 2005 ஜனவரியில் குவாம் தீவுக்குத் தெற்கே அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ என்ற அணு நீர்மூழ்கி முழு வேகத்தில் போய்க் கடலடி மலையில் முட்டியது, ஒருவர் இறந்தார், ஏறத்தாழ நூறு பேருக்கு அடி. அவர்கள் கையில் வைத்திருந்த படத்தில் அந்த மலை இல்லை. மறைத்து வைக்கிறவன் தன் கப்பலையே கொண்டுபோய் மோதுவானா?

பூம்புகார் கடலில் தேடவே இல்லை என்றும் இல்லை. கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து சைடு ஸ்கேன் சோனாரோடு (பக்கவாட்டில் ஒலியை அனுப்பிக் கடலடியைப் படமாக எடுக்கிற கருவி) தேடி, முக்குளித்தும் பார்த்தார்கள். சுமார் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவத்தில் ஒரு மேடு கண்டார்கள், அது கட்டியதா தானாக அமைந்ததா என்று இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து ஈயக்கட்டிகளை எடுத்தார்கள், அது உறுதியான விஷயம், ஆனால் அதைப் பற்றி யாரும் இசை போட்டுக் காணொளி செய்வதில்லை. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், 20,000 வருஷத்துக்கு முன், கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது என்பதும் உண்மைதான். அன்றைக்குக் கரை வெகுதூரம் கிழக்கே இருந்தது. அந்த மண்ணில் என்ன இருந்தது என்று தெரிய, ஒரு கிலோமீட்டர் அகலக் கோடு உதவாது.

மேடுபள்ளம்:

கடல்காரர்கள் மட்டும்தான் ஏமாறுகிறார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், நகரத்திலும் இதே கூத்துதான். நான் சென்னையில் வெள்ளம் எப்படி வடியும் என்று கணினியில் மாதிரி (மாடல்) செய்து பார்க்கிற குழுவில் இருக்கிறேன். தம்பி சிவில் என்பதால் இதையும் கேட்டுக்கொள், நாளைக்கு உன் தலையில்தான் வந்து விழும்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் ரேடாரோடு சுற்றி உலகின் பெரும்பகுதி நிலத்துக்கு உயரப்படம் எடுத்தது, எஸ்ஆர்டிஎம் என்று சொல்வார்கள். 30 மீட்டர் கட்டம், இலவசம், அதனால் கல்லூரிப் பிராஜெக்ட் எல்லாவற்றிலும் அதுதான். அந்த ரேடார் தரையை மட்டும் பார்க்கவில்லை. மாடியைப் பார்த்தது, தென்னந்தோப்பின் தலையைப் பார்த்தது. பிழை சில மீட்டர். கொடைக்கானலில் சில மீட்டர் பிழை இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் முழு நிலமும் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான், அங்கே பிழையும் உயரமும் ஒரே அளவு. அதில் வெள்ளம் ஓடவிட்டால் கணினி நெருக்கமான மாடிவீட்டுப் பகுதியைக் குன்று என்று நினைத்து, "இங்கே தண்ணீர் வராது" என்று பச்சை அடிக்கும். அங்கேதான் 2015 டிசம்பரில் படகு ஓடியது.

சரி, லைடார் வந்துவிட்டதே என்று கேட்பாய். வந்தது பெரிய வரம்தான். ஒளி போய்த் திரும்புகிற நேரத்தில் ஒரு நானோநொடி என்றால் 15 சென்டிமீட்டர் தூரம், நொடிக்கு லட்சக்கணக்கான துடிப்பு, இலைகளுக்கு நடுவே நுழைந்து தரை வரை போய்த் திரும்பும். ஆனால் நீ பார்த்த அந்தத் துணிக்கொடிக் கயிறுதான் எங்களுக்கு எதிரி. கயிறு, மரம், ஷாமியானா, நிறுத்தி வைத்த கார் எல்லாவற்றையும் கழித்துத் தரையை மட்டும் பிரிக்கவேண்டும், மென்பொருள் பாதி செய்யும், மீதியை ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்த்துச் செய்யவேண்டும். கண்ணாடிக் கட்டடம் இருந்தால் ஒளி அதில் பட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போய்த் திரும்பும், புள்ளிப்படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இல்லாத ஒரு கட்டடம் முளைத்திருக்கும். ஓஎம்ஆர் சாலையில் அப்படிப் பேய்க் கட்டடம் நிறையப் பார்த்திருக்கிறேன். ரங்கநாதன் தெருவில் வண்டியில் கருவி வைத்து எடுக்கலாம் என்று யோசித்து, அங்கே வண்டி எப்படிப் போகும் என்ற கேள்வியிலேயே கூட்டம் முடிந்தது. முதுகில் மாட்டுகிற கருவியோடு காலை ஐந்து மணிக்கு ஒரு பையன் நடந்தான். ஒடுங்கின தெருவில் செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் மோதி மோதி வரும், இருக்கிற இடமே இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் காட்டும், அதைச் சரிசெய்வது தனி வேலை.

எல்லாவற்றையும் விட மோசமானது சிறுபாலம். மேலே இருந்து பார்க்கிற எந்தக் கருவிக்கும் சாலைக்கு அடியில் போகிற குழாய் தெரியாது. சாலை ஒரு நீளமான அணை மாதிரி நிற்கும், மாதிரியில் தண்ணீர் அதில் முட்டிக்கொண்டு தேங்கும், நிஜத்தில் அடியில் ஓடிப்போய்விடும். அல்லது நேர் எதிராக, நாம் குழாய் இருக்கிறது என்று மாதிரியில் சாலையை வெட்டி வழி விட்டிருப்போம், நிஜத்தில் அது பிளாஸ்டிக் பை அடைத்து மூடிக் கிடக்கும். அதனால் கடைசியில் ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் ஒரு ஆள் நேரில் போய் டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கிறார். அளவெடுப்பது தொலைவிலிருந்து என்று பெயர், முட்டிவரை சேறு.

ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். இந்தியாவை அளக்கிற மகா வேலை 1802 ஏப்ரலில் நம் பரங்கிமலைப் பக்கம்தான் தொடங்கியது. லாம்டன் என்ற அதிகாரி இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிப்படைக் கோட்டை அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோணம் மட்டும் அளந்து போனார். மலை இல்லாத தஞ்சாவூர்ச் சமவெளியில் என்ன செய்வது? பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கோணம் அளக்கிற அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள், 1808ல், கயிறு நழுவி அது சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். டிரோன் மரத்தில் மாட்டிக்கொண்ட அன்றைக்கு நான் என் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

புகார்ப்பையன்:

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. ஜெப்கோ கோப்பு இறக்கிவிட்டேன், டிஐடி எண் போட்டுப் பார்த்தேன். அந்தக் காணொளிக்காரர் காட்டின கோட்டின் மேல் 10, இரண்டு பக்கமும் 40. மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், இரண்டு நீல டிக், பதில் இல்லை.

இன்னொரு சந்தேகம். பச்சை லேசர் கலங்கல் தண்ணீரில் போகாது என்றால், ராமர் பாலத்தை இஸ்ரோ செயற்கைக்கோளிலிருந்து லேசர் வைத்து அளந்ததாகச் செய்தி வந்ததே, அது எப்படி?

எதிரொலி:

நல்ல கேள்வி. அது 2024ல் வந்த ஆய்வு, செய்தவர்கள் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மைய ஆட்கள், ஆனால் செயற்கைக்கோள் நாசாவுடையது, ஐஸ்சாட்-2. 2018 செப்டம்பரில் ஏவினார்கள், பெயரிலேயே ஐஸ் இருக்கிறது பார், பனிப்பாறை உருகுவதை அளக்கத்தான் போனது. 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10,000 தடவை பச்சை லேசரை அடித்து, திரும்பி வருகிற ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. அதில் சில துகள் தண்ணீருக்குள் இறங்கி அடியைத் தொட்டுத் திரும்புவதைப் பிறகு கண்டார்கள், கரையோர ஆழம் எடுக்க அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தண்ணீரில் ஒளி 1.33 மடங்கு மெதுவாகப் போவதால் திருத்தாமல் விட்டால் ஆழம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும், அதைக் கழிக்கவேண்டும்.

அங்கே வேலை செய்ததற்குக் காரணம் ஆழமின்மை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை 29 கிலோமீட்டர் நீள மேடு, அதில் 99.98 சதவீதம் ஆழம் குறைந்த தண்ணீருக்குள் இருக்கிறது, நடுவில் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் 11 ஒடுங்கிய வாய்க்கால்கள், அவற்றின் வழியாக மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் தண்ணீர் போய்வருகிறது. அவ்வளவு ஆழமில்லாத இடத்தில் சர்வே படகைக் கொண்டுபோனால் தரைதட்டும், அங்கே லேசர்தான் சரி. கருவி பெரிதா சிறிதா என்பது அல்ல, தண்ணீர் எப்படிப்பட்டது என்பதுதான் எதை எடுத்துப் போவது என்று முடிவு செய்கிறது. ஒன்று மட்டும், அந்த ஆய்வு மேட்டின் வடிவத்தைச் சொல்கிறது, யார் கட்டியது என்ற சண்டைக்கு லேசரிடம் பதில் கிடையாது, தயவுசெய்து அதை இங்கே ஆரம்பிக்காதீர்கள்.

கட்டுமரம்:

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் தரங்கம்பாடிப் பக்கம், அப்பா கடலுக்குப் போனவர், இப்போது அண்ணன் போகிறான், நான் பாதி நாள் கடல் பாதி நாள் மொபைல் கடை. அப்பா காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, இரண்டு கையையும் விரித்து விரித்துக் கயிற்றை இழுத்து எத்தனை பாகம் என்று எண்ணுவார்கள். குண்டில் ஒட்டி வருவது சேறா மணலா என்று பார்த்து எந்த மீன் என்று சொல்வார். பார், அதாவது மீன் சேர்கிற கடலடிப் பாறைத்திட்டு, இருக்கிற இடத்தை மனதில் வைத்திருப்பார், கரையில் டேனிஷ் கோட்டையும் ஒரு பனைமரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் ஒரு கோடு, வேறு பக்கம் ஒரு கோபுரமும் கொட்டகையும் சேர்ந்தால் இன்னொரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் வலை. அந்தப் பனைமரம் சுனாமியில் போய்விட்டது, அப்பா ஒரு வருஷம் அந்தப் பாரைத் தேடினார்.

இப்போது எல்லாப் படகிலும் ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் இருக்கிறது. எங்கள் எக்கோவில் ஆழம் தினமும் ஓடுகிறது, பாதை ஜிபிஎஸ்ஸில் பதிகிறது. இதை யாராவது வாங்கிக்கொள்வார்களா? அப்புறம் இன்னொன்று, நேர்க்கோடு கடலடியில் நிஜமாகவும் உண்டு. விசைப்படகு இழுவலை போட்டால் இரண்டு பக்கமும் பலகை தரையில் உழுதுகொண்டே போகும். சேற்றில் அந்தத் தடம் நிற்கும். அதையும் யாராவது தெரு என்று சொல்லிவிடப் போகிறார்கள்.

எதிரொலி:

சரியாகச் சொன்னீர்கள், சைடு ஸ்கேன் படத்தில் அந்த உழவுத்தடம் அழகாகத் தெரியும், புதுப் பையன்கள் முதல் தடவை பார்த்தால் கேபிள் என்று எழுதிவிடுவார்கள்.

வாங்கிக்கொள்வார்கள். சாதாரணப் படகுகள் எடுக்கிற ஆழத்தையும் சேர்த்துக்கொள்ள சர்வதேச நீரளவை அமைப்பு வழி வைத்திருக்கிறது. நம் கடலுக்குள் எடுத்ததை வெளியே அனுப்ப அனுமதி தேவையா என்று முதலில் இங்கே கேட்டுக்கொள்ளுங்கள், அதைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். அப்புறம், எக்கோ எந்த ஆழத்தில் மாட்டியிருக்கிறது, ஏற்றவற்றம் எந்த நேரத்தில் என்ன என்று சேர்த்து எழுதினால்தான் பயன். நம் கரையில் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர், பரவாயில்லை. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் பத்து மீட்டர், அங்கே நேரம் எழுதாத ஆழம் குப்பை. படகுக்கு அடியில் ஒரு இரும்புத் தட்டைச் சங்கிலியில் கட்டி, 2 மீட்டர், 4 மீட்டர் என்று இறக்கி, எக்கோ அதே எண்ணைக் காட்டுகிறதா பாருங்கள். பார் செக் (bar check, மீன் பார் இல்லை) என்று நாங்கள் இன்றைக்கும் செய்வது அதுதான், செலவு கிடையாது.

புகார்ப்பையன்:

கட்டுமரம் அண்ணே, பொங்கல் லீவில் ஊருக்கு வருகிறேன். உங்கள் படகில் ஒரு நாள் வரலாமா? இரும்புத் தட்டும் சங்கிலியும் நான் கொண்டுவருகிறேன், எங்கள் கல்லூரிப் பட்டறையில் கிடக்கிறது.

கட்டுமரம்:

வாங்க தம்பி. அண்ணன் விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவான், காத்திருக்கமாட்டான். வாந்தி மாத்திரை முந்தின ராத்திரியே போட்டுக்கொள்ளுங்கள், படகில் ஏறின பிறகு போட்டால் வேலை செய்யாது. மாமாவையும் கூட்டிவாருங்கள், அவர் சொல்கிற தெருவுக்கு மேலேயே கொண்டுபோய் நிறுத்த டீசல் பத்தாது, நம் எக்கோவும் அந்த ஆழத்துக்கு இறங்காது, ஆனால் பக்கத்தில் ஒரு பார் இருக்கிறது, அங்கே மீன் உண்டு.